ஊசித்தட்டான்: ஒப்புமையும் வேற்றுமையும்

நுழையும்முன்

குளக்கரைப் புல்லில் இரண்டு சிறு பூச்சிகள் அமர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நீளம். இரண்டின் வால்நுனியிலும் நீலம். பார்ப்பவர் இரண்டையும் ஒரே இனம் என்றே கொள்வர். ஒளிப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, ஒன்றின் நீலம் ஒரு கண்டத்திலும் மற்றொன்றின் நீலம் இரண்டு கண்டங்களிலும் பரவியிருப்பது தெரிகிறது. அந்த ஒரு கண்டத்தின் வேறுபாட்டில் இரண்டு வெவ்வேறு உயிரினங்கள் பிரிந்து நிற்கின்றன. ஒத்த உருவமுடைய உயிர்களை ஒளிப்படத்தின் துணையால் பிரித்தறியும் முறையையும், அம்முறை வேண்டும் நேர்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

தும்பியும் தட்டானும்

உயிர்களை அவற்றின் அறிவுநிலையால் வகைப்படுத்திய தொல்காப்பியத்தின் மரபியல், நண்டையும் தும்பியையும் நான்கறிவு உடையனவாகக் கூறுகிறது. பழந்தமிழில் தும்பி என்னும் சொல் தேனுண்ணும் வண்டினத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல் நீர்நிலைகளை ஒட்டிப் பறக்கும் தட்டாரப்பூச்சிகளையும் குறிக்கிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது உழவர் நம்பிக்கை. வயல்வெளியில் வளர்ந்த எவருக்கும் தட்டான் அறிமுகமானதே.

அறிவியலார் தட்டான்கள் அனைத்தையும் ஒடனேட்டா என்னும் வரிசையில் அடக்குவர். பற்களை உடையது என்னும் பொருள்பட அமைந்த இப்பெயரை 1793இல் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலார் ஃபப்ரீசியஸ் வழங்கினார். உலகில் 6,000க்கும் மேற்பட்ட தட்டான் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, உடல் மெலிந்த ஊசித்தட்டான்கள் ஆகும்.

பெருந்தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்தறிதல் எளிது. பெருந்தட்டான் அமரும்போது இறக்கைகளை இருபுறமும் விரித்து வைக்கும். அதன் பின்னிறக்கையின் அடிப்பகுதி முன்னிறக்கையைவிட அகன்றிருக்கும். ஊசித்தட்டானின் நான்கு இறக்கைகளும் ஏறத்தாழ ஒரே வடிவம் உடையன. பெரும்பாலான ஊசித்தட்டான்கள் அமரும்போது இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். அவற்றின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் விலகி நிற்கும். இந்த முதற்படியைத் தாண்டி, ஓர் ஊசித்தட்டானை மற்றோர் ஊசித்தட்டானிடமிருந்து பிரிக்க முனையும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

உடலைப் படித்தல்

நூலைப் படிக்க எழுத்தறிவு தேவை. அதுபோல ஓர் ஒளிப்படத்தைப் படிக்க உடலுறுப்புகளின் பெயரும் இடமும் தெரிந்திருத்தல் வேண்டும். ஊசித்தட்டானின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளால் ஆனது. தலையை அடுத்துள்ள சிறு பகுதி முன்மார்பு. அதற்குப் பின்னுள்ள பெரிய பகுதியில்தான் இறக்கைகள் பொருந்தியுள்ளன. மார்பின் மேற்புறத்திலும் பக்கங்களிலும் நிறக்கோடுகள் ஓடும். அக்கோடுகளின் அகலம், நீளம், தொடர்ச்சி ஆகியன அடையாளக் குறிகளாகும்.

வழக்கில் வால் எனப்படும் நீண்ட பகுதியே வயிறு. அது பத்துக் கண்டங்களால் ஆனது. மார்பை ஒட்டிய முதலிரு கண்டங்கள் குட்டையானவை. மூன்று முதல் ஏழு வரையுள்ளவை நீண்டவை. எட்டு முதல் பத்து வரையுள்ளவை மீண்டும் குட்டையானவை. பத்தாம் கண்டத்தின் முடிவில் ஆணுக்கு நான்கு சிறு பற்றுறுப்புகள் உண்டு. மேலிரண்டும் கீழிரண்டுமாக அமைந்த இவை, இணைசேரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளப் பயன்படுகின்றன. இவற்றுடன் கால்களின் நிறம், இறக்கை நுனியருகே உள்ள சிறு பொட்டு, கண்களுக்குப் பின்னுள்ள நிறப்புள்ளிகள் ஆகியவற்றையும் காண வேண்டும்.

இனங்காணுதலில் புதியவர் முதலில் நிறத்தைப் பார்ப்பர். பயின்றவர் முதலில் இடத்தைப் பார்ப்பர். நீலம் இருக்கிறது என்பது குறைந்த செய்தி. எந்தக் கண்டத்தில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு தொலைவு நீலம் இருக்கிறது என்பதே முழுமையான செய்தி.

கண்டங்களை எண்ணுதல்

தென்னிந்தியக் குளங்களிலும் வயல்களிலும் பரவலாகக் காணப்படும் ஊசித்தட்டான்களுள் ஒன்று இஸ்னூரா செனகலென்சிஸ். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுப் பெயரைத் தாங்கிய இது, ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியா வழியாகக் கிழக்காசியா வரை வாழ்கிறது. இதன் ஆணுக்கு மார்பின் பக்கங்கள் பசுமையாகவும், வயிற்றின் மேற்புறம் பெரும்பாலும் கருமையாகவும், நுனியருகே ஒரு நீல வளையமும் காணப்படும். அதே நீர்நிலையில் சூடக்ரியான் மைக்ரோசெபாலம் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்த ஊசித்தட்டானும் வாழக்கூடும். அதற்கும் வயிற்று நுனியில் நீலம் உண்டு. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் நுனியில் நீல விளக்கேந்திய கருங்குச்சிகளாகவே தோன்றும்.

இங்கே எண்ணிக்கை துணைபுரிகிறது. மார்பிலிருந்து எண்ணினால் முதற்கண்டம் இறக்கைகளின் அடியில் மறைந்துவிடுவதால் பிழை நேரலாம். ஆகவே நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சிறந்த முறை. மிகக் குட்டையான இறுதிக் கண்டம் பத்து. அதற்கு முன்னுள்ளது ஒன்பது. அதற்கு முன்னுள்ளது எட்டு. பற்றுறுப்புகளையும் ஒரு கண்டமாக எண்ணிவிடாமல் காத்தல் வேண்டும். இவ்வாறு எண்ணிப் பார்க்கும்போது, இஸ்னூரா செனகலென்சிஸ் ஆணின் எட்டாம் கண்டம் முழுதும் நீலமாக இருப்பதும், ஒன்பதாம் கண்டத்தின் மேற்புறம் கருமையாகிப் பக்கங்களில் மட்டும் நீலம் தங்கியிருப்பதும் தெரியும். சூடக்ரியான் மைக்ரோசெபாலம் ஆணுக்கோ எட்டும் ஒன்பதும் ஆகிய இரு கண்டங்களும் நீலம். அதன் மார்பும் பச்சையாக இராமல் நீலமாக இருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே முறை பயன்படுகிறது. அங்கு வாழும் இஸ்னூரா எலிகன்ஸ், இஸ்னூரா பியூமிலியோ ஆகிய இரண்டும் கருமையான வயிற்றின் நுனியில் நீலம் உடையவை. முன்னதற்கு நீலம் எட்டாம் கண்டத்தில் அமையும். பின்னதற்கு ஒன்பதாம் கண்டத்திலும் எட்டாம் கண்டத்தின் கடைப்பகுதியிலும் அமையும். நாடு வேறாயினும் எண்ணும் முறை ஒன்றே.

நிறம் தரும் மயக்கம்

நிறத்தை மட்டும் நம்பினால் ஊசித்தட்டான் ஏமாற்றிவிடும். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வயது. நீரில் வாழ்ந்த இளவுயிரி தண்டில் ஏறித் தோலுரித்து முதிர்உயிரியாக வெளிப்படும்போது, அதன் உடல் மென்மையாகவும் வெளிறியும் இருக்கும். இனத்துக்குரிய நிறம் உடனே வருவதில்லை. நாள்கள் செல்லச் செல்லவே அது தெளிவடையும். தென்னிந்தியாவில் நிழல் மிகுந்த ஓடைக்கரைப் புதர்களில் வாழும் கோப்பெரா மார்ஜினிப்பஸ் இதற்குச் சிறந்த சான்று. முதிர்ந்த ஆண் கருமையான உடலும் ஒளிரும் மஞ்சள் கால்களும் கொண்டது. முதிராப் பருவத்தில் அதே பூச்சி வெண்மையாகத் தோன்றும். இரண்டு பருவங்களையும் தனித்தனிப் படங்களில் காண்பவர், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணுவர். இதன் நெருங்கிய உறவான கோப்பெரா விட்டேட்டாவின் கால்கள் செம்மை கலந்தவை. வயிற்று நுனி வெளிர்நீலம். முதிர்ந்த ஆண்களில் கால்களின் நிறத்தால் இவ்விரண்டையும் பிரிக்கலாம். முதிராதவற்றில் அக்குறி பயன்படாது.

இரண்டாவது, பால். பல ஊசித்தட்டான்களில் ஆண் பளிச்சென்ற நிறமும் பெண் மங்கிய நிறமும் கொண்டிருக்கும். ஆயினும் இஸ்னூரா பேரினத்தின் பல இனங்களில் பெண்கள் ஒரே வடிவில் அமைவதில்லை. சில பெண்கள் ஆணைப் போன்ற நிறத்திலும், சில பெண்கள் முற்றிலும் வேறான நிறத்திலும் காணப்படும். வேறு நிறமுடைய பெண்ணும் இளமையில் ஒரு நிறமாகவும் முதுமையில் மற்றொரு நிறமாகவும் மாறும். இஸ்னூரா செனகலென்சிஸின் இளம்பெண் ஆரஞ்சு நிறத்தில் தோன்றிப் பின்னர் மங்கிய பசுமையை அடைவது இவ்வகையைச் சேர்ந்தது. எனவே ஒரே இனத்தின் நான்கைந்து தோற்றங்கள் ஒரே குளத்தில் ஒரே நாளில் கிடைக்கக்கூடும்.

மூன்றாவது, ஒளிப்படக் கருவி. நண்பகல் வெயிலில் வெளிர்நீலம் வெண்மையாகிவிடும். மாலையொளி பசுமைக்கு மஞ்சள் பூசும். திறன்பேசிகள் நிறங்களைத் தாமே திருத்தி அழகூட்டுகின்றன. ஆகவே படத்தில் காணும் நிறத்தைப் பூச்சியின் நிறம் என்று அப்படியே ஏற்றல் கூடாது. அருகிலுள்ள இலையின் பச்சையும் கல்லின் சாம்பல் நிறமும் இயல்பாக இருக்கின்றனவா என்று முதலில் நோக்குதல் நன்று.

ஒளியும் நிழலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோடைகளில் வெஸ்டாலிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஊசித்தட்டான்கள் வாழ்கின்றன. உலோகம் போன்று மின்னும் பசிய உடலும், அகன்ற ஒளிபுகும் இறக்கைகளும் கொண்ட இவை, நிழல் சூழ்ந்த செடிகளில் கூட்டமாக அமர்ந்திருக்கும். இவற்றுள் வெஸ்டாலிஸ் அபிகாலிஸ் என்னும் இனத்துக்கு இறக்கை நுனிகள் கருமையாக இருக்கும். வெஸ்டாலிஸ் கிராசிலிஸ் என்னும் இனத்துக்கு இறக்கை முழுதும் தெளிவாக இருக்கும். நூலில் படிக்கும்போது இதனினும் எளிய வேறுபாடு வேறில்லை என்று தோன்றும்.

காட்டில் எடுத்த படத்தில் நிலைமை வேறு. பூச்சியின் பின்னால் இருண்ட புதர் இருந்தால், தெளிந்த இறக்கையின் நுனியும் கருமையாகவே தெரியும். வானத்தை நோக்கி எடுத்தால், கருநுனி ஒளியில் கரைந்து வெளிறிவிடும். ஆதலால் இறக்கை நுனியின் கருமை, இறக்கையில் உள்ளதா, அதன்வழியே தெரியும் பின்புலத்தில் உள்ளதா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். நான்கு இறக்கைகளின் நுனிகளையும் ஒப்பிட்டும், வேறு கோணத்தில் எடுத்த இரண்டாம் படத்தைப் பார்த்தும் இதனைத் தீர்க்கலாம். ஒரே படத்தை வைத்து ஓர் இனத்தின் பெயரைச் சூட்டுவதைவிட, ஒரே பூச்சியின் மூன்று படங்களை ஒப்பிடுவது பன்மடங்கு உறுதியானது.

பூட்டும் திறவுகோலும்

நிறமும் கோடும் கைவிடும் இடத்தில் உறுப்புகளின் வடிவம் கைகொடுக்கிறது. இணைசேரும் காலத்தில் ஆண் ஊசித்தட்டான் தன் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புகளால் பெண்ணின் முன்மார்பைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து பறக்கும் காட்சியை நீர்நிலைகளில் காணலாம். ஆணின் பற்றுறுப்பும் பெண்ணின் முன்மார்பும் பூட்டும் திறவுகோலும்போல ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைந்துள்ளன. இனந்தோறும் இவ்வமைப்பு வேறுபடுவதால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இனங்களைக்கூட இதனைக் கொண்டு பிரிக்க முடிகிறது.

முன்னர்க் கூறிய சூடக்ரியான் மைக்ரோசெபாலத்துக்கு நெருங்கிய உறவுடைய வேறு இனங்களும் இந்தியாவில் உள்ளன. சூடக்ரியான் மலபாரிக்கம், சூடக்ரியான் ஆஸ்திரலேசியே ஆகியவை அவற்றுள் அடங்கும். நீலமும் கருமையும் கலந்த நிற அமைப்பில் இவை மிக நெருங்கியவை. பற்றுறுப்புகளின் வடிவமே இவற்றைப் பிரிக்கும் முதன்மைச் சான்று. அவ்வுறுப்போ கூர்ந்து நோக்கினாலன்றிக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவினது. பக்கவாட்டில் நின்று, வயிற்று நுனியில் குவியம் வைத்து எடுத்த படம் இல்லையெனில், சூடக்ரியான் என்னும் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே முறை.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தட்டான்களைப் பற்றிய அடிப்படை நூல் வரிசையை எழுதியவர் எஃப். சி. ஃபிரேசர். இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய இவர், ஓய்வு நேரங்களில் தட்டான்களைத் திரட்டி ஆராய்ந்தார். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் என்னும் நூல் தொடரில் இவர் எழுதிய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. வண்ணப்படங்கள் பரவாத அக்காலத்தில், இறக்கை நரம்புகளையும் பற்றுறுப்புகளையும் கோட்டோவியங்களாகக் காட்டி அவர் இனங்களை விளக்கினார். இன்றைய ஆய்வாளர்களும் அந்நூல்களைப் பயன்படுத்துகின்றனர்.

பிரிட்டனின் நீல ஊசித்தட்டான்கள்

ஒத்த இனங்களைப் படத்தின்வழிப் பிரித்தறியும் பயிற்சிக்குப் பிரிட்டனின் நீல ஊசித்தட்டான்கள் தெளிவான எடுத்துக்காட்டு. அங்குக் கோடைக்காலக் குளங்களில் எனலாக்மா சயாத்திகெரம், சீனக்ரியான் புவெல்லா ஆகிய இரு இனங்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இரண்டின் ஆண்களும் நீலத்தின்மேல் கருவளையங்கள் கொண்டவை. ஒரு குளத்தின் ஒரே நாணலில் இரண்டும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதும் உண்டு.

இவற்றைப் பிரிக்க நான்கு இடங்களைப் பார்ப்பர். மார்பின் மேற்புறத்தில் ஓடும் நீலக்கோடு முதல் இடம். எனலாக்மாவுக்கு அக்கோடு அகலமானது, சீனக்ரியானுக்குக் குறுகியது. மார்பின் பக்கவாட்டு நீலப்பரப்பு இரண்டாம் இடம். எனலாக்மாவுக்கு அங்கு ஒரு குறுங்கருங்கோடு மட்டும் உண்டு. சீனக்ரியானுக்கு இரண்டு உண்டு. வயிற்றின் இரண்டாம் கண்டத்து மேற்புறம் மூன்றாம் இடம். எனலாக்மாவுக்கு அங்குள்ள கருங்குறி காம்புடைய காளான்போல் இருக்கும். சீனக்ரியான் புவெல்லாவுக்கு வாய் திறந்த கிண்ணத்தின் விளிம்புக்கோடு போல் வளைந்திருக்கும். வயிற்று நுனி நான்காம் இடம். எனலாக்மாவுக்கு எட்டும் ஒன்பதும் கலப்பற்ற நீலம். சீனக்ரியான் புவெல்லாவின் ஒன்பதாம் கண்டத்தில் கருங்குறி உண்டு.

நான்கு குறிகள் எதற்கு, ஒன்று போதாதா என்னும் ஐயம் எழலாம். இரண்டாம் கண்டத்துக் குறியின் வடிவம் ஒரே இனத்துக்குள்ளும் சற்றே மாறுபடும். ஒரு பூச்சியில் காளானின் காம்பு மெலிந்து அறுபட்டதுபோல் தோன்றலாம். அப்போது அந்தக் குறியை மட்டும் நம்பியவர் தவறுவார். நான்கில் மூன்று குறிகள் ஒரே திசையைக் காட்டினால் முடிவு உறுதிப்படும். நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைவிடப் பல சாட்சிகளின் ஒத்த கூற்றுக்கு வலிமை மிகுதி என்பதைப் போன்றது இது.

இதே நாட்டில் சீனக்ரியான் மெர்க்கூரியலே என்னும் அரிய இனமும் வாழ்கிறது. இரண்டாம் கண்டத்தில் புதன் கோளின் சோதிடக் குறியீட்டை ஒத்த கருங்குறி இருப்பதால் இதற்கு அப்பெயர் வந்தது. ஆழமற்று மெல்ல ஓடும் சிற்றோடைகளை நாடி வாழும் இது, சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பொதுவான நீல இனம் என்று எண்ணி ஒருவர் இதனைக் கடந்து போனால், ஓர் அரிய உயிரின் வாழிடம் கணக்கில் வராமலே போய்விடும்.

சீனக்ரியான் சிட்டுலம் என்னும் மற்றொரு நீல இனத்தின் வரலாறு இன்னும் கூர்மையானது. இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரப் பகுதியில் வாழ்ந்த இது, 1953இல் நேர்ந்த கடல்வெள்ளத்துக்குப் பின் அங்குக் காணப்படவில்லை. உவர்நீர் புகுந்த வாழிடத்தில் அது அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ 57 ஆண்டுகளுக்குப் பின், 2010இல் கென்ட் பகுதியில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. நீலமும் கருமையும் கொண்ட பொதுவான இனங்களின் நடுவே அதனைத் தனித்துக் காண, கண்டத்தையும் குறியையும் விடாது நோக்கும் பழக்கம் தேவைப்பட்டது.

பெயரும் பொறுப்பும்

ஒரு பூச்சிக்குத் தவறான பெயர் சூட்டினால் என்ன இழப்பு என்று வினவலாம். ஊசித்தட்டானின் இளமை நீரில் கழிகிறது. பெண் நீர்த்தாவரத்தின் தண்டைக் கீறி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி, வயிற்று நுனியிலுள்ள மூன்று இலைபோன்ற செவுள்களைக் கொண்டு நீரில் வாழும். சில இனங்கள் வயல்நீரிலும் கலங்கிய குட்டையிலும் வாழ வல்லவை. சில இனங்கள் நிழலும் தூய ஓட்டமும் உள்ள ஓடையில் மட்டுமே வாழ வல்லவை. ஆகவே ஓரிடத்தில் எந்த இனம் வாழ்கிறது என்பது, அங்குள்ள நீர் எத்தகையது என்பதற்கான செய்தியாகும்.

ஓர் ஒளிப்படம் பெயரும் இடமும் நாளும் சேர்ந்து பதிவாகும்போது, அது இனப்பரவல் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. அவ்வரைபடத்தைக் கொண்டு எந்த ஓடையைக் காப்பது, எந்த ஈரநிலத்தை ஆய்வது என்று முடிவு செய்கின்றனர். தவறான புள்ளி, இல்லாத உயிரை இருப்பதாகக் காட்டும். அல்லது இருக்கும் உயிரை மறைத்துவிடும். இரண்டும் தீங்கே. முதலாவது பிழையால், அழிந்துவரும் இனம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டாவது பிழையால், காக்க வேண்டிய ஓடை காப்பின்றிப் போகும்.

மேலும், இந்தியாவின் ஊசித்தட்டான் பட்டியல் இன்னும் நிறைவடையவில்லை. செரியாகிரியான் கோரமண்டலியானம் என்னும் மஞ்சள்நிற ஊசித்தட்டான் குளங்களிலும் வயல்களிலும் எங்கும் காணத்தக்கது. சோழமண்டலக் கரையின் பெயரை அது தாங்கியுள்ளது. அதே பேரினத்தைச் சேர்ந்த செரியாகிரியான் குரோமோதோராக்ஸ் என்னும் புதிய இனம், மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலிருந்து 2019இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. நன்கறிந்த உயிர் என்று எண்ணி விரைந்து கடந்து போகும் இடத்திலும் அறியாத ஓர் உயிர் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

பெயர்களும் நிலையானவை அல்ல. இந்தியாவில் நெடுங்காலம் இஸ்னூரா அரோரா என்று வழங்கப்பட்ட ஊசித்தட்டான், இன்று இஸ்னூரா ரூபிலியோ என்னும் தனி இனமாகக் கொள்ளப்படுகிறது. பெயர் மாறினும், இடமும் நாளும் குறித்துப் பாதுகாத்த ஒளிப்படம் மாறாது. பின்னாளில் வருவோர் அதனை மீண்டும் பார்த்துப் புதிய பெயரை உறுதிசெய்ய முடியும். பெயரைவிடச் சான்றுக்கு ஆயுள் அதிகம்.

சான்றாகும் ஒளிப்படம்

அழகிய ஒளிப்படம் வேறு. சான்றாகும் ஒளிப்படம் வேறு. பின்புலம் மங்கி, கண் மட்டும் ஒளிரும் படம் கண்காட்சிக்கு ஏற்றது. இனங்காண்பதற்கு அதில் போதிய செய்தி இராது. சான்றுக்கு வேண்டிய படங்கள் மூன்று. முதலாவது, உடல் முழுதும் ஒரே சீராகத் தெரியுமாறு பக்கவாட்டில் எடுத்தது. கருவியை ஊசித்தட்டானின் உடலுக்கு இணையாகப் பிடித்தால் தலை முதல் வால்நுனி வரை குவியத்தில் நிற்கும். இரண்டாவது, மார்பின் கோடுகளும் இரண்டாம் கண்டத்துக் குறியும் தெரியுமாறு மேலிருந்து எடுத்தது. மூன்றாவது, வயிற்று நுனியை மட்டும் அண்மையில் எடுத்தது.

இவற்றோடு வாழிடத்தைக் காட்டும் ஒரு படமும் பயன்தரும். ஓடையா, குளமா, வயலா என்பது பல வேளைகளில் ஐயத்தைத் தீர்க்கும். இணைந்து பறக்கும் சோடியின் படம் பெண்ணை இனங்காண உதவும். ஆணின் அடையாளம் தெளிவாக இருந்தால் பெண்ணின் இனத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். ஆயினும் ஓரினத்து ஆண் வேற்றினத்துப் பெண்ணைப் பற்றுவதும் அரிதாக நிகழ்வதால், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. பூச்சியைப் பிடித்து நசுக்காமல், கரையின் செடிகளை மிதிக்காமல், காலை வேளையில் மெல்ல அணுகினால் இவையனைத்தும் கைகூடும்.

படத்தைக் கண்டவுடன் பெயர் சொல்லும் செயலிகள் இன்று திறன்பேசிகளில் உள்ளன. அவை நல்ல தொடக்கமாக அமையும். ஆனால் அவை சொல்லும் பெயர் ஒரு கருதுகோளே. அந்த இனத்துக்குரிய குறி படத்தில் உண்மையில் தெரிகிறதா என்று சரிபார்ப்பது மனிதரின் பணி. குறி தெரியாத படத்துக்குச் செயலி உறுதியாகப் பெயர் சொன்னாலும், அவ்வுறுதிக்கு அடிப்படை இல்லை.

அறியாமையை ஒப்புக்கொள்ளுதல்

இனங்காணுதலில் மூன்று விடைகள் உள்ளன. இது இன்ன இனம் என்பது ஒன்று. இது இன்ன பேரினத்தைச் சேர்ந்தது; இனம் உறுதியில்லை என்பது மற்றொன்று. இந்தப் படத்தைக் கொண்டு கூற இயலாது என்பது மூன்றாவது. தேர்வுத்தாளில் மூன்றாம் விடைக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. அறிவியலில் அதற்கு இடமுண்டு. காலின் நிறம் மறைந்த படத்தில் கோப்பெரா என்று நிறுத்துபவரும், பற்றுறுப்புத் தெரியாத படத்தில் சூடக்ரியான் என்று நிறுத்துபவரும் தம் அறிவின் எல்லையைச் சரியாக வரைகின்றனர். அந்த எல்லைக்கோடு தெளிவாக இருப்பதால்தான், எல்லைக்குள் அவர்கள் சொல்லும் பெயர்களைப் பிறர் நம்ப முடிகிறது.

ஊசித்தட்டானின் முதிர்பருவம் குறுகியது. சில கிழமைகளே பறந்து மறையும் அச்சிறு உயிர் தன் எட்டாம் கண்டத்திலும் இரண்டாம் கண்டத்திலும் தன் பெயரைச் சுமந்து திரிகிறது. ஊர்க்குளத்தின் நாணலில் அமர்ந்திருக்கும் நீலநிற ஊசித்தட்டான் எந்த இனம் என்று கேட்டு, நுனியிலிருந்து கண்டங்களை எண்ணத் தொடங்குபவர், அக்குளத்தின் நீரைப் பற்றியும் அதை நம்பி வாழும் உயிர்களைப் பற்றியும் அறியத் தொடங்குகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலையில் காணும் ஓர் ஊசித்தட்டானைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் ஒளிப்படம் எடுத்து, வயிற்றின் எந்தக் கண்டத்தில் எந்த நிறம் உள்ளது என அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் படத்தில் தெளிவாகத் தெரியும் குறிகளையும் தெரியாத குறிகளையும் தனித்தனியே எழுதி, இனப்பெயரைக் கூற எந்தக் குறி இன்னும் தேவை என வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'தெரியாது என்று சொல்வதும் அறிவே' என்னும் கருத்தைப் பாடத்தின் சான்றுகளோடு ஒரு பக்க அளவில் விளக்குக.